வாசல் கொள்ளாத நட்சத்திரம்

டிசம்பர் 1, ஞாயிறு

மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவனும், பாளையங்கோட்டையின் இருட்டை ஒற்றை ஆளாக விரட்டியடித்தவனும், மின்சாரம் பதினோரு முறை கொன்றும் சாகாதவனுமான சாமுவேல் ஞானதிரவியம் ஆகிய நான், வலது கையை நெஞ்சில் வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இந்த நோட்டில் இனி வரப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. நம்பாதவர்கள் மேல் எனக்கு வருத்தமும் இல்லை. தாமிரபரணி வெள்ளத்தில் டிரான்ஸ்பார்மரைத் தோளில் தூக்கிக்கொண்டு நான் நீந்திய கதையை என் அக்காள் மகள் செர்லின் சின்னதில் அப்படியே நம்பினாள். இப்போது ஓசூரில் பெரிய வேலையில் இருக்கிறாள். நம்புவதை நிறுத்திவிட்டாள். படிப்பு கெடுத்தது.

எதற்கு எழுதுகிறேன் என்றால், பொய் சொல்வதற்கு எதிரே ஒரு ஆள் வேண்டும். போன பிப்ரவரியில் இந்த வீட்டின் உள்துறை அமைச்சர், ராஜினாமாக் கடிதம்கூடக் கொடுக்காமல் பதவியை விட்டுப் போய்விட்டார். எப்சிபாய். என் மனைவி. நான் டிரான்ஸ்பார்மர் என்று ஆரம்பித்தால் அடுக்களையிலிருந்தே "ம்" போடுவாள். அந்த "ம்" இல்லாமல் பொய் நிற்க மாட்டேன் என்கிறது.

இன்று தெருவில் எல்லா வாசலிலும் கிறிஸ்துமஸ் ஸ்டார் ஏறிவிட்டது. நம் வாசலில் இல்லை. துட்டி வீட்டில், அதாவது சாவு விழுந்த வீட்டில், வருஷம் திரும்பும்வரை ஸ்டார் கட்டக்கூடாது, பலகாரம் சுடக்கூடாது. கேரல் பாட வருகிறவர்கள் படியேற மாட்டார்கள். கொட்டு அடிப்பதை நிறுத்திக்கொண்டு பையக் கடந்து போவார்கள். மரியாதை. இந்த வருஷம் முழுக்க எனக்குக் கிடைத்த மரியாதையை மூட்டை கட்டினால் லாரி கொள்ளாது.

ஆகவே போர் அறிவிக்கிறேன். பத்தொன்பதாம் தேதி எங்கள் தெருவுக்குக் கேரல் வருகிறது. அவர்களை என் வாசற்படி தாண்டி உள்ளே வரவைக்க வேண்டும். அவ்வளவுதான் லட்சியம். ஆயுதம்: வானத்தில் போகிற விமானம் குழம்பி இறங்குகிற அளவுக்கு ஒரு ஸ்டார்.

டிசம்பர் 3, செவ்வாய்

பழைய ஸ்டாரைப் பரணிலிருந்து இறக்கினேன். எலிகள் நாலு தலைமுறையாகப் பட்டா போட்டு அதில் குடியிருக்கின்றன. காலி செய்யச் சொல்ல மனசு வரவில்லை. திரும்ப ஏற்றி வைத்துவிட்டேன்.

கடையில் வாங்கலாமே என்று யாராவது கேட்கலாம். கடை ஸ்டார் கடைக்காரன் ஸ்டார். என்னிடம் ஒரு சுரங்கமே இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் அரிசிச் சாக்கு நிறைய வெள்ளி. உலகத்தின் மூன்றாவது பெரிய வெள்ளிச் சுரங்கம் அது. மாத்திரை தீர்ந்த அட்டைகள் என்று விஷயம் தெரியாதவர்கள் சொல்வார்கள். தீர்ந்த அட்டையை நான் எறிந்ததில்லை. எப்சிக்கு ஒரு வேளைகூட விடாமல் கொடுத்தேன் என்பதற்கு டாக்டரிடம் காட்ட வேண்டாமா. டாக்டர் ஒருநாளும் கேட்கவில்லை. அது அவர் குறை.

அட்டையை வெந்நீரில் ஊறப்போட்டால் பின்னால் இருக்கிற வெள்ளித்தாள் உரிந்து வருகிறது. இன்று முழுக்க உரித்தேன். காலை மாத்திரை மெல்லிசு. ராத்திரி மாத்திரை கெட்டி. ஊசிமருந்துக் குப்பிகளின் அலுமினிய மூடிகளை நூலில் கோத்தால் மணி மாதிரி ஆடுகிறது. சத்தம் மட்டும் இல்லை.

டிசம்பர் 4, புதன்

டிரிப் ஏற்றிய டியூபுகளில் கலர் தண்ணீர் ஏற்றினேன். ஒன்றில் மஞ்சள், ஒன்றில் பீட்ரூட், ஒன்றில் சொட்டுநீலம். இரண்டு முனையையும் தீயில் காட்டி ஒட்டிவிட்டால் தோரணம். ரோமாபுரி ராஜாக்கள் அரண்மனையில் இதே முறைதான் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 6, வெள்ளி

ப்ளீச்சிங் பவுடர் கலந்த பெரிய வாளியில் எக்ஸ்ரே படங்களை ஊறப்போட்டேன். கறுப்பு கரைந்து ஓடிவிடும், கண்ணாடி மாதிரி ஃபிலிம் மிஞ்சும், அதில் கலர்த்தாள் ஒட்டினால் நட்சத்திரத்துக்கு ஜன்னல். எல்லாம் எப்சியின் நெஞ்சுப் படம். மாசத்துக்கு ஒன்று எடுத்தது. விரலால் தேய்க்கத் தேய்க்க விலா எலும்பு போயிற்று, நுரையீரல் போயிற்று, கடைசியில் டாக்டர் பேனாவால் சுற்றிக் காட்டிய அந்த வெள்ளைப் புகையும் போயிற்று. இத்தனை படித்தவர்களால் முடியாததை ஒரு வாளித் தண்ணீரில் முடித்தேன். பத்து மாசம் தாமதம். அது ஒன்றுதான் குறை.

நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டுச் சண்முகவடிவு வந்துவிட்டாள். தையல்காரி. கழுத்தில் டேப்போடேதான் தூங்குவாள் போல. வாசலில் நின்றே பேசினாள்.

"அண்ணாச்சி, என்ன எளவக் காய்ச்சுதீய? எம் மெஷின்ல நூலு கோக்க முடியல, கண்ணு எரியுது."

"ராக்கெட் எரிபொருள். அரசாங்க ரகசியம். நீ கேட்டதா வெளிய சொல்லாதே."

அவள் எட்டிப் பார்த்தாள். தரையில் ரீப்பர் கட்டை, வெள்ளித்தாள், மைதா பசைச் சட்டி. "ஸ்டாரா செய்யிதீய? உங்க ஆளுக சாவு வீட்டுல கட்ட மாட்டாவளே. மைனி போயி வருசம் திரும்பலயே அண்ணாச்சி."

"இது ஸ்டார் இல்ல. ஈபி உபகரணம்."

"ஊரு என்ன சொல்லும்?"

"பத்து மாசமா ஊரு எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல, வடிவு. ஏதாவது சொன்னா லாபந்தான்."

அவள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வாசல் ஓரமாக ஒரு பை இருந்தது. உள்ளே சேலை ஓரம் வெட்டிய ஜரிகை, சமிக்கி, பாவாடை லேஸ். மேலே டிபன் பாக்ஸில் நாலு தோசை.

டிசம்பர் 8, ஞாயிறு

மழை. பசை காயவில்லை. ஞாயிறு ஆராதனைக்குக் கோவிலுக்குப் போனேன். எனக்குப் பக்கத்தில் பெஞ்சில் இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

டிசம்பர் 9, திங்கள்

கேரல் செட்டுக்குத் தலைவன் தேவஇரக்கத்தைக் கடைத்தெருவில் மடக்கினேன். டிரம் அடிக்கிறவன். எப்சி கோவிலில் ஆர்மோனியம் வாசித்த காலமெல்லாம் இவன்தான் பக்கத்தில் நின்று தாளம். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டிருந்த முகத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். என்னைப் பார்க்கிற எல்லோரும் இதைச் செய்கிறார்கள்.

"ஸ்தோத்திரம் அண்ணாச்சி. நல்லா இருக்கீயளா?"

"எனக்கென்ன. பத்தொன்பதாந்தேதி எத்தன மணிக்கு வாரீய?"

அவன் தலையைச் சொறிந்தான். "நம்ம தெருவத்தான் மொதல்ல எடுக்கோம், வெளக்கு வைக்கிற நேரம். ஆனா அண்ணாச்சி, உங்க வீடு இந்த வருசம்... உங்களுக்குச் சங்கடம் வேண்டாம்னுதான். கொட்ட நிறுத்திட்டு, சத்தமில்லாமப் போயிருவோம். அடுத்த வருசம் கட்டாயம் வாரோம்."

"நான் சங்கடம்னு சொன்னனாடே?"

"நீங்க சொல்லுவீயளா? நாங்கதான பாத்து நடந்துக்கிடணும்."

இவ்வளவு நல்லவனை என்ன சொல்லித் திட்டுவது. அவனுடைய சட்டைப் பித்தான் ஒன்று பிய்ந்திருந்தது. அதைப் பற்றி மட்டும் காரசாரமாக ஏசிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 11, புதன்

செர்லின் போன் செய்தாள்.

"மாமா, கிறிஸ்மஸுக்கு இங்க வந்துருங்களேன். தனியா என்ன செய்வீங்க?"

"தனியாவா? வீட்டுல உக்கார இடமில்ல மக்களே. காலையில பிஷப் வந்தாரு. பிறகு கலெக்டர். இப்ப டெல்லியில இருந்து ஒரு குழு வந்து வெளித் திண்ணையில வரிசையில நிக்குது."

"நம்ம வீட்டுக்குத் திண்ணையே கிடையாதே மாமா."

"அதான் நிக்குதுன்னு சொன்னேன்."

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "நெஜமா இன்னைக்கு யாரு வந்தா மாமா? சொல்லுங்க."

யோசித்தேன். கேஸ் சிலிண்டர்காரன் நேற்று. "லைன் சரியில்ல, கரகரங்குது" என்று வைத்துவிட்டேன். முப்பது வருஷம் லைனைப் பார்த்தவன் நான். அது தெளிவாகத்தான் இருந்தது.

டிசம்பர் 13, வெள்ளி

வாளிக்குள் கடைசிப் படத்தைப் போட்டுவிட்டுப் பசை கிண்டப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அது நெஞ்சு இல்லை. கை.

மூன்று வருஷம் முன்னால் எப்சி துவைக்கிற கல்லில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் விரிசல் விட்டபோது எடுத்தது. உறைக்குள் நெஞ்சுப் படங்களோடு சேர்ந்து கிடந்திருக்கிறது. நான் பாய்ந்த பாய்ச்சலை ஒலிம்பிக்காரர்கள் பார்த்திருந்தால் கையோடு அழைத்துப் போயிருப்பார்கள். எடுப்பதற்குள் கட்டைவிரல் நுனி கரைந்துவிட்டது. மற்ற நாலு விரலும் தப்பித்தன. குழாயடியில் கழுவி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தேன்.

மோதிர விரலில் வெள்ளையாக ஒரு வளையம். எக்ஸ்ரே எடுக்கிற பையன் அன்றைக்கு, "நகையக் கழட்டுங்கம்மா" என்றான். சோப்பு போட்டான், எண்ணெய் போட்டான், நூல் சுற்றினான். மோதிரம் அசையவில்லை. "நாப்பது வருசமா இவருகூட மல்லுக்கட்டி வீங்குன வெரலு தம்பி, வராது" என்றாள் எப்சி. அப்படியே எடுத்தார்கள்.

இந்த ஜனவரியில் ஆஸ்பத்திரியில் அவள் கையைத் துடைத்துவிட்டேன். மோதிரம் தானாகத் துண்டோடு வந்துவிட்டது.

படத்தைக் கரைக்காமல் அப்படியே வைத்திருப்பதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது. நட்சத்திரத்தின் நடுப்பாகத்துக்கு அளவு சரியாக இருக்கிறது. அதனால்தான்.

டிசம்பர் 15, ஞாயிறு

நட்சத்திரம் முடிந்தது. மழை விடாததால் முன்னறையிலேயே கட்டினேன். ஐந்து முனை, முன்னும் பின்னுமாக இரண்டு சட்டம், நடுவில் குறுக்குக்கட்டை கொடுத்து வயிற்றை நன்றாகப் புடைக்க வைத்தேன். பல்பு வேண்டும், டியூப் தோரணம் வேண்டும், இடம் வேண்டாமா. ஓரமெல்லாம் ஜரிகை. முனைகளில் வெள்ளித்தாள். நடுவில் கை. உயரம் கோவில் கோபுரத்தைவிட ஒரு சாண் கம்மி, அதுவும் கோபுரத்தின் மனசு நோகக்கூடாது என்பதற்காக.

டிசம்பர் 16, திங்கள்

மழை விட்டது. நட்சத்திரத்தை வெளியே எடுக்கப் போனேன்.

வாசல் கொள்ளவில்லை.

படுக்கப்போட்டுப் பார்த்தேன். சாய்த்துப் பார்த்தேன். ஒரு முனையை முதலில் நுழைத்துத் திருகிப் பார்த்தேன். மூன்று முனை தெருவைப் பார்த்துவிட்டது, வயிறு மட்டும் நிலைக்கதவில் சிக்கிக்கொண்டது. எனக்குப் பிறந்தது போலவே தொந்தி. கத்தியதும் சண்முகவடிவு ஓடி வந்தாள். அவள் தெருவிலிருந்து தள்ள, நான் உள்ளிருந்து இழுக்க, ஒருவழியாகப் பின்னால் வந்தது.

அவள் வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். "அண்ணாச்சி, கட்டுததுக்கு முன்னால கதவ அளந்து பாக்கலயா?"

"மின்வாரியத்துல அளக்கிறதெல்லாம் மேல இருக்கவன் வேலை."

"மைனி இருந்தா மொத நாளே சொல்லிருப்பாவ."

சொன்ன பிறகு அவளுக்கே பதறிவிட்டது. நான் சிரித்தேன். நிஜம்தானே. எப்சி இருந்தால் முதல் கட்டையை வைக்கும்போதே, "வாசப்படி எத்தன அடின்னு தெரியுமா ஐயாவுக்கு?" என்று கேட்டிருப்பாள். கேட்க ஆளில்லாத வீட்டில் நட்சத்திரம் இப்படித்தான் வளர்ந்துவிடுகிறது.

"பிரிச்சுட்டு வெளிய வச்சுத் திரும்பக் கட்டுங்களேன்," என்றாள்.

பிரித்தால் பசை ஃபிலிமோடு வரும். மற்ற ஜன்னல் கிழிந்தால் பரவாயில்லை. நடுவில் இருக்கிற கை ஒன்றே ஒன்றுதான்.

"வேண்டாம்," என்றேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

போரில் தோல்வி. தளபதி நாள் முழுக்கப் படுத்திருந்தார். நட்சத்திரம் முன்னறையில் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அதைச் சுற்றிக்கொண்டுதான் அடுக்களைக்குப் போகவேண்டியிருக்கிறது. ரொம்ப நாளைக்கு அப்புறம் இந்த வீட்டில் ஒருத்தருக்கு வழிவிட்டு நடக்கிறேன்.

டிசம்பர் 18, புதன்

முன்னறை உத்தரத்தில் கொக்கி இருக்கிறது. கம்பம் ஏறிய கால் ஏணியில் நடுங்கியது, இதை யாருக்கும் சொல்ல வேண்டாம். சண்முகவடிவு முதன்முதலாக உள்ளே வந்து ஏணியைப் பிடித்தாள், வாயில் திட்டிக்கொண்டே. ஸ்டாரை வீட்டுக்குள்ளேயே தொங்கவிட்டுவிட்டேன். வாசலில்தானே கட்டக்கூடாது. உள்ளே கட்டக்கூடாது என்று எந்த மூதாட்டியும் எந்தக் கமிட்டியும் சொல்லவில்லை.

தெருப் பக்கத்து ஜன்னலின் இரண்டு கதவையும் கழற்றி வைத்துவிட்டேன்.

டிசம்பர் 19, வியாழன்

மின்சாரம் இருக்கிறது. சட்டை மாற்றிக்கொண்டேன். நாற்காலிகளைத் துடைத்தேன். பால் கூடுதலாக வாங்கியிருக்கிறேன். யாருக்கு என்று பால்காரர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

நேற்று நடந்ததை முறைப்படி பதிவு செய்கிறேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் தெருமுனையில் டிரம் சத்தம் கேட்டது. ஆயிரம் பேர் கொண்ட கேரல் படை. முன்னால் ஜெனரேட்டர் ஏற்றிய வண்டி, நடுவில் முகமூடியும் தலையணை வயிறுமாகக் கிறிஸ்துமஸ் தாத்தா, பின்னால் நாற்பது யானை. ஒவ்வொரு வீடாகப் பாடிக்கொண்டு வந்தார்கள். சண்முகவடிவு வீட்டு வாசல் வந்ததும் டிரம் நின்றது. எனக்காக. செருப்புச் சத்தம் மட்டும் என் வீட்டை நோக்கி வந்தது.

நான் சுவிட்சைப் போட்டேன்.

பாளையங்கோட்டை முழுக்கப் பகலாயிற்று. கோழிகள் கூவின. வானத்திலிருந்த நட்சத்திரங்களில் இரண்டு வேலையை விட்டு நின்றுகொண்டன. மஞ்சளும் சிவப்பும் நீலமுமாகத் தெரு நனைந்தது. நடுவில், வெள்ளையாக, நாலரை விரலோடு ஒரு கை. அது காற்றில் மெல்ல ஆடியது. வாசலில் நிற்கிறவர்களை வா என்பது போலவும் இருந்தது, போ என்பது போலவும் இருந்தது. ஆட்டம் அப்படி.

செருப்புச் சத்தம் நின்றது.

ஜன்னல் கம்பியில் கிறிஸ்துமஸ் தாத்தாவின் முகமூடி வந்து ஒட்டிக்கொண்டது. முகமூடிக்குள்ளிருந்து ஒரு பையன் குரல் என்னைக் கேட்டது. "தாத்தா, அது யாரு கை?"

இதற்கு நான் முன்கூட்டியே பதில் தயாரித்து வைத்திருந்தேன். காபிரியேல் தூதனுடைய கை, போன வாரம் மின்கம்பியில் சிக்கிக்கொண்டார், நான்தான் இறக்கிவிட்டேன், நன்றிக்கு எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்தார். ஒத்திகைகூடப் பார்த்திருந்தேன்.

"எப்சி கை," என்று சொல்லிவிட்டேன்.

ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தேவஇரக்கம் முன்னால் வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அக்காவோட மோதிரமா அண்ணாச்சி அது?"

"ஆமா."

"ஆர்மோனியக் கட்டையில டக்கு டக்குனு இடிக்குமே. எனக்குத் தாளமே தப்பிரும்."

"கதவு தெறந்துதான் கெடக்கு," என்றேன்.

அவன் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தான். பிறகு படியைப் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றினான்.

உள்ளே வந்தார்கள். ஆயிரம் பேரும், யானைகளும். தாத்தாவின் தலையணை கதவில் சிக்கியது, பின்னாலிருந்து தள்ளினார்கள். நட்சத்திரத்துக்குக் கீழே குனிந்து குனிந்து ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். தேவஇரக்கம் டிரம்மின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கிக்கொண்டே மெல்லப் பாட்டை எடுத்தான்.

"அடிடே," என்றேன்.

"துட்டி வீடாச்சே அண்ணாச்சி."

"அவ ஆர்மோனியம் வாசிச்சவ. ஊமையா நின்னுட்டுப் போனா கோவப்படுவா. அடி."

அடித்தான். சுவர் அதிர்ந்தது. டியூபில் தண்ணீர் நடுங்கியது. மருந்துக் குப்பி மூடிகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. சண்முகவடிவு கழுத்து டேப்போடு வாசலில் வந்து நின்றாள். மூன்று பாட்டு. பிறகு டீ. தேவஇரக்கம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சர்க்கரை பற்றவில்லை என்றான். பத்து மாசத்தில் இந்த வீட்டில் முதல் புகார். நான் வெந்நீரை அவன் தலையில் ஊற்றுவதாக மிரட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். மடித்துப் பைக்குள் வைத்திருந்த முகத்தையெல்லாம் வெளியே எடுத்துவிட்டார்கள்.

காலையில் செர்லினுக்குப் போன் செய்து இத்தனையையும் சொன்னேன். யானை வந்த இடத்திலேயே, "மாமா," என்று இழுத்தாள். இழுக்கத்தான் செய்வாள். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் ஒப்புக்கொள்கிறேன். யானை கிடையாது. ஆயிரம் பேர் கிடையாது, ஒரு வேனில் அடங்குகிற கூட்டம். கோழி கூவவில்லை. மூன்று பாட்டு பாடவில்லை, ஒன்றுதான், அதிலும் கடைசிச் சரணம் யாருக்கும் ஞாபகம் இல்லை. நட்சத்திரம்கூட அப்படியொன்றும் பெரிதில்லை, என் வாசல்தான் சின்னது. எல்லாவற்றையும் அடித்துவிடலாம்.

ஒரு சின்னத் துண்டு மட்டும் நிஜம்.

சாவு வீட்டுக்கு வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல்தான் எழுந்து போவார்கள். "போயிட்டு வாரேன்" என்று அங்கே யாரும் சொல்வதில்லை, இன்னொரு சாவுக்குத் திரும்ப வரும்படி ஆகிவிடுமாம். பிப்ரவரியிலிருந்து என் வாசலுக்கு வந்த ஒவ்வொருவரும் அப்படித்தான் பேச்சை நிறுத்திவிட்டுப் போனார்கள். நேற்று எல்லோரும் இறங்கிப் போன பிறகு, தேவஇரக்கம் டிரம்மை மாட்டிக்கொண்டு, படியில் நின்று, பழக்கதோஷத்தில், "போயிட்டு வாரேன் அண்ணாச்சி" என்றான்.

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். என் முகத்தைப் பார்த்தான்.

பிறகு வேண்டுமென்றே, தெருவே கேட்கும்படி, இன்னொரு தடவை சொன்னான்.